கம்பியில் விரையும் இணையம் காற்றில் தயங்குவது ஏன்?

எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று. தந்தை ஓய்வுபெற்ற அரசு ஊழியர். தாய் வீட்டு நிர்வாகி. மூத்த மகள் பொறியியல் பட்டம் பெற்று வேலை தேடிக்கொண்டிருந்தாள். இளையவன் பள்ளி மாணவன். கூடத்தில், தொலைக்காட்சிப் பெட்டியின் பின்புறத்தில், இணையத்திற்கான ரூட்டர் பெட்டி வைக்கப்பட்டிருந்தது. வினாடிக்கு 100 மெகாபிட் வேகம் என்ற திட்டத்திற்குத் தந்தை மாதந்தோறும் தவறாமல் பணம் செலுத்தி வந்தார்.

ஒரு நாள் மகளுக்குக் காணொளி வழியாக நேர்முகத் தேர்வு வந்தது. தெருவின் இரைச்சல் கேட்கக் கூடாதென்று அவள் பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு அமர்ந்தாள். முதல் இரண்டு கேள்விகளுக்கு நன்றாகவே விடையளித்தாள். மூன்றாவது கேள்வியின்போது எதிரே இருந்தவரின் முகம் திரையில் அப்படியே அசைவற்று நின்றுவிட்டது. குரல் விட்டுவிட்டு ஒலித்தது. பிறகு அதுவும் அறுந்தது. மீண்டும் இணைப்புக் கிடைத்தபோது, “இன்னொரு நாள் பார்க்கலாம்” என்று கூறி அவர்கள் விடைபெற்றுக்கொண்டார்கள். அந்த இன்னொரு நாள் வரவேயில்லை.

அன்று மாலை அந்த வீட்டில் நிகழ்ந்ததை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். “நீ படம் பார்த்ததால்தான் எனக்கு அறுந்தது” என்று அக்காள் அழுதாள். “நான் கைப்பேசியைத் தொடவே இல்லை” என்று தம்பி சத்தியம் செய்தான். “இணையக்காரன் நம்மை ஏமாற்றுகிறான்” என்று தந்தை முடிவு கட்டினார். மறுநாளே 300 மெகாபிட் திட்டத்திற்கு மாறினார். மாதக் கட்டணம் உயர்ந்தது. பின்னறையின் நிலைமையோ சற்றும் உயரவில்லை.

இறுதியில் பழுது பார்க்கும் இளைஞர் ஒருவர் வந்தார். தம் மடிக்கணினியை ஒரு கம்பியினால் அந்தப் பெட்டியோடு நேராக இணைத்து வேகத்தை அளந்தார். ஏறத்தாழ 300 காட்டியது. கம்பியைக் கழற்றிவிட்டு, அதே கணினியைப் பின்னறைக்கு எடுத்துச் சென்று மீண்டும் அளந்தார். 14 காட்டியது. “பெட்டி வரைக்கும் சரியாக வருகிறது, சார்” என்று சொல்லிவிட்டுப் போனார். அப்போது அந்தத் தந்தை கேட்ட கேள்வி இன்னும் என் செவியில் ஒலிக்கிறது: “பெட்டி வரைக்கும் முந்நூறு வருகிறது. பெட்டியிலிருந்து என் மகளுடைய மேசைக்கு முப்பது அடி. அந்த முப்பது அடிக்குள் மீதியெல்லாம் எங்கே போயிற்று?”

நியாயமான கேள்வி. நம் இல்லங்கள் பலவற்றில் எழுகின்ற கேள்வியும்கூட. பரீட்சை எழுதும் பிள்ளைகளும், வீட்டிலிருந்தே அலுவல் பார்க்கும் இளைஞரும், அயல்நாட்டிலுள்ள மகனின் முகத்தைக் காண ஏங்கும் பெற்றோரும் இந்த முப்பது அடியைத்தான் நம்பியிருக்கிறார்கள். ஆகவே அந்த முப்பது அடியில் நிகழ்வது யாதெனச் சற்று விரிவாகவே காண்போம்.

காற்று மெதுவானதா?

முதலில் ஒரு தெளிவு வேண்டும். ‘இணையம்’ என்பதும் ‘வைஃபை’ என்பதும் ஒன்றல்ல. வெளியிலிருந்து கண்ணாடி இழையின் வழியாகவோ செம்புக் கம்பியின் வழியாகவோ நம் வாசல் வரைக்கும் வந்து சேருவது இணையம். வீட்டினுள்ளே அந்தப் பெட்டியிலிருந்து கைப்பேசிக்கும் கணினிக்கும் வானொலி அலைகளின் வழியாகப் பகிர்ந்தளிப்பது வைஃபை. ஊர்த் தொட்டியிலிருந்து வீட்டுக்கு வரும் குழாய் ஒன்று. வீட்டினுள் குடத்தில் ஏந்திச் செல்வது வேறொன்று. குழாய் எவ்வளவு பெரிதானாலும், ஏந்திச் செல்லும் குடம் சிறிதானால் அடுக்களைக்குக் கிடைப்பது குடத்தின் அளவே. தந்தை பெரிதாக்கியது குழாயை. குறை இருந்ததோ குடத்தில்.

சரி, அலை மெதுவாகச் செல்வதனால்தான் இந்தக் குறை ஏற்படுகிறதா? இல்லை. இங்கேதான் நம்மில் பலர் ஏமாந்துபோகிறோம். வானொலி அலை காற்றில் ஒளியின் வேகத்திலேயே, அதாவது வினாடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் பாய்கின்றது. செம்புக் கம்பியினுள் செல்லும் மின்குறியோ வினாடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர்தான் செல்கிறது. ஆக, ஓட்டப் பந்தயம் என்று வைத்தால் வெல்வது காற்றே; கம்பி அன்று!

அப்படியிருக்கக் காற்றில் வரும் இணையம் தயங்குவானேன்? விடையை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம். காற்று மெதுவானதன்று, காற்று பொதுவானது. கம்பி ஒருவருக்கே உரிய தனிப்பாதை. காற்றோ எல்லாருக்கும் உரிய ஒரே கூடம். பலர் கூடியிருக்கும் கூடத்தில் ஒவ்வொருவரும் தம் முறைக்குக் காத்திருந்துதான் பேச வேண்டும். அந்தக் காத்திருப்பே நாம் காணும் தாமதம். இந்த உண்மையை உணர்ந்துகொள்வதற்கு ஒரு பழைய கதை நமக்கு உதவும்.

ஹவாய்த் தீவுகளில் தொடங்கிய கதை

பசிபிக் மாக்கடலின் நடுவே அமைந்துள்ளது ஹவாய்த் தீவுக்கூட்டம். அங்குள்ள பல்கலைக்கழகத்தின் பெரிய கணிப்பொறி ஓவாகு என்னும் தீவில் இருந்தது. அதன் கிளைக் கல்லூரிகளோ கடல் கடந்து மற்றத் தீவுகளில் இருந்தன. தொலைபேசிக் கம்பிகளின் வழியாக அவற்றை இணைப்பது பெருஞ்செலவாக இருந்தது. இணைப்பும் நம்பத்தக்கதாய் இல்லை. ஆகவே நார்மன் ஆப்ரம்சன் என்னும் பேராசிரியரும் அவருடைய தோழர்களும் வானொலியின் துணையை நாடினார்கள். 1971ஆம் ஆண்டில் அவர்களுடைய ‘அலோகா’ வலையமைப்பு இயங்கத் தொடங்கியது.

எல்லா நிலையங்களுக்கும் ஒரே அலைவரிசை. யாருக்குச் செய்தி இருக்கிறதோ அவர் உடனே அனுப்பிவிடலாம். அனுமதி கேட்க வேண்டுவதில்லை. செய்தி நலமாகச் சென்று சேர்ந்தால் மையக் கணிப்பொறி ‘கிடைத்தது’ என்று ஒப்புகை அனுப்பும். இருவர் ஒரே நேரத்தில் அனுப்பிவிட்டாலோ இரண்டு செய்திகளும் ஒன்றோடொன்று மோதிச் சிதைந்துவிடும், ஒப்புகை வராது. அப்போது இருவரும் சற்றுப் பொறுத்து மீண்டும் அனுப்ப வேண்டும். இருவரும் ஒரே அளவு நேரம் பொறுத்தால் மறுபடியும் மோதல்தான். ஆகவே ஒவ்வொருவரும் தத்தமக்குச் சீட்டுக் குலுக்கிப் போட்டாற்போல ஏதோ ஓர் அளவு நேரம் காத்திருந்து அனுப்பினார்கள்.

எளிய ஏற்பாடு, ஆனால் அதற்கொரு விலை உண்டு. இம்முறையில் மொத்த நேரத்தில் மிகுதியாகப் போனால் 18 விழுக்காடு மட்டுமே பயன்படும் என்று கணிதம் காட்டியது. மீதி நேரம் மோதல்களிலும் மௌனத்திலும் கழிந்துவிடும். நேரத்தைச் சமமான துண்டுகளாக வகுத்து, ஒவ்வொரு துண்டின் தொடக்கத்தில் மட்டுமே பேசலாம் என்று விதித்தபோது அந்த அளவு இரட்டித்து ஏறத்தாழ 37 விழுக்காடாயிற்று. பொதுவெளியைப் பங்கிடுவதில் எவ்வளவு வீணாகிறது என்பதை உலகம் முதன்முதலாக எண்களில் கண்டுகொண்டது அங்கேதான்.

கம்பி எவ்வாறு தப்பித்துக்கொண்டது?

ஆப்ரம்சனின் கட்டுரையைப் படித்தவர்களுள் ஒருவர் ராபர்ட் மெட்காஃப். அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வு மையத்தில் பணியாற்றியவர். 1973ஆம் ஆண்டில் அவரும் டேவிட் பாக்ஸ் என்பவரும் சேர்ந்து, ஒரே கட்டடத்திலுள்ள கணிப்பொறிகளை இணைக்கும் ஒரு முறையை வகுத்தனர். அதற்கு மெட்காஃப் இட்ட பெயர் ‘ஈதர்நெட்’. ஒளி பரவுவதற்கு இடமளிக்கும் ‘ஈதர்’ என்றொரு பொருள் வெளியெங்கும் நிறைந்துள்ளது என்று முற்காலத்து விஞ்ஞானிகள் நம்பியிருந்தார்கள். எங்கும் நிறைந்த அந்தப் பொருளின் பெயரையே அவர் தம் கம்பிக்குச் சூட்டினார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அந்த முதற்கம்பியும் பொதுவானதாகவே இருந்தது! ஒரே தடித்த கம்பி கட்டடம் முழுதும் ஓடும். எல்லாக் கணிப்பொறிகளும் அதிலேயே கொக்கியிட்டு நிற்கும். ஆயினும் ஹவாயின் முறையில் இரண்டு திருத்தங்களை அவர்கள் செய்தார்கள். பேசுவதற்குமுன் வேறெவரேனும் பேசுகிறார்களா என்று செவிமடுத்துக் கேட்க வேண்டும். பேசிக்கொண்டிருக்கும்போதே மோதல் நிகழ்ந்தால் உடனே நிறுத்திக்கொள்ள வேண்டும். இந்த இரண்டினால் வீணாகும் நேரம் வெகுவாகக் குறைந்தது. இப்பணிக்காக மெட்காஃபுக்கு 2022ஆம் ஆண்டுக்குரிய டூரிங் விருது வழங்கப்பட்டது.

அதன்பின் கம்பி படிப்படியாகப் பொதுவெளியை விட்டே விலகிச் சென்றது. ஒரே கம்பியில் எல்லாரும் தொங்குவதற்குப் பதிலாக, ஒவ்வொரு கணிப்பொறிக்கும் நடுவிலுள்ள பெட்டியிலிருந்து ஒரு தனிக்கம்பி இழுக்கப்பட்டது. இரண்டிரண்டாக முறுக்கப்பட்ட செம்புக் கம்பிகளுக்கான தரம் 1990ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது. அந்த முறுக்கிலே ஒரு நுட்பம் இருக்கிறது. வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல் இணைக்கம்பிகள் இரண்டையும் ஏறக்குறைய ஒரே அளவில் தாக்குவதால், ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கும்போது இரைச்சல் நீங்கிச் செய்தி மட்டும் எஞ்சும். 1997இல் இரு திசைகளிலும் ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும் வழி வகுக்கப்பட்டது. 1999இல் சாதாரணச் செம்புக் கம்பியிலேயே, 100 மீட்டர் தொலைவு வரைக்கும், வினாடிக்கு 1000 மெகாபிட் செல்லும் தரம் வந்தது. மோதல் இல்லை, காத்திருப்பு இல்லை, போவதும் வருவதும் ஒன்றையொன்று மறிப்பதில்லை.

வேடிக்கையைப் பாருங்கள். வெளியின் பெயரைத் தாங்கிய கம்பி வெளியை விட்டுத் தனிப்பாதைக்குப் போய்விட்டது. வெளியிலேயே நிற்கும் வைஃபையோ இன்றளவும் ஹவாய்த் தீவினர் கண்ட அந்தப் பழைய சிக்கலோடு போராடிக்கொண்டிருக்கிறது.

காற்றில் நேரம் போகும் வழிகள்

அமெரிக்க அரசு 1985ஆம் ஆண்டில் சில அலைவரிசைகளை உரிமம் இன்றிப் பயன்படுத்த அனுமதித்தது. அந்த நிலத்தில் முளைத்ததே வைஃபை. அதற்கான முதல் தரம் 1997இல் வெளியானபோது அதன் மேல்வேகம் வினாடிக்கு 2 மெகாபிட்தான்; 1999இல் 11 ஆயிற்று. நம் நாட்டிலும் 2005ஆம் ஆண்டில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை உரிமத் தேவையினின்று விடுவிக்கப்பட்டது. உரிமம் வேண்டா என்பதால் யாரும் பயன்படுத்தலாம். யாரும் பயன்படுத்தலாம் என்பதாலேயே நெரிசலும் மிகுந்தது. இனி, அந்த நெரிசலில் நம்முடைய நேரம் எவ்வெவ்வாறு கரைகிறது என்று காண்போம்.

முதலாவது, ஒரு நேரத்தில் ஒருவரே பேச முடியும் என்ற கட்டுப்பாடு. வைஃபை பெட்டி ஏறத்தாழ 0.1 வாட் ஆற்றலுடன் அலையை அனுப்புகிறது என்று கொள்வோம். அறை தாண்டிக் கைப்பேசிக்கு வந்து சேருவது அதில் 10 கோடியில் ஒரு பங்கே இருக்கலாம். அதுவே நல்ல வரவேற்பு எனப்படும். அவ்வளவு மெல்லிய ஒலியைக் கேட்க வேண்டிய செவி, தான் உரக்கக் கத்திக்கொண்டிருக்கும்போது எதைக் கேட்கும்? ஆகவே ஒரே அலைவரிசையில் அனுப்புவதும் பெறுவதும் ஒருங்கே நடைபெறுவதில்லை. மோதல் நிகழ்ந்ததையும் அனுப்புகிறவர் அப்போதே அறிந்துகொள்ள முடிவதில்லை. கம்பிக்குக் கிட்டிய அந்த வசதி காற்றுக்குக் கிட்டவில்லை.

அதனால் மோதலை வருமுன் தடுக்கும் ஏற்பாடு ஒன்று வகுக்கப்பட்டது. பேசுவதற்குமுன் கேட்க வேண்டும். அமைதியாயிருந்தாலும் உடனே பேசாமல், சீட்டுக் குலுக்கியதுபோல் வந்த அளவு நேரம் காத்திருக்க வேண்டும். பிறகு ஒரு பொட்டலம் அனுப்ப வேண்டும். பதிவுத் தபாலுக்கு ஒப்புகை அட்டை திரும்பி வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அதுபோல ஒப்புகை வந்த பின்னரே அடுத்த பொட்டலம். இந்த மரியாதைக்கு ஆகும் செலவைக் கணக்கிட்டுப் பாருங்கள். 1500 பைட் கொண்ட ஒரு பொட்டலத்தை வினாடிக்கு 54 மெகாபிட் வேகத்தில் அனுப்புவதற்கு ஏறத்தாழ 220 மைக்ரோ வினாடி போதும். ஆனால் முன்னறிவிப்பு, காத்திருப்பு, இடைவெளி, ஒப்புகை ஆகிய எல்லாம் சேர்ந்து இன்னும் 150 மைக்ரோ வினாடிக்கு மேல் விழுங்கிவிடும். அதனால்தான் அக்காலத்தில் 54 என்று எழுதப்பட்டிருந்த கருவிகள் நடைமுறையில் 20 அல்லது 25 மெகாபிட் அளவே தந்தன. 2009ஆம் ஆண்டின் தரத்திலிருந்து பல பொட்டலங்களை ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்பும் முறை பரவியது, வீணாவது குறைந்தது, ஒழிந்துவிடவில்லை.

இரண்டாவது, தொலைவும் சுவரும். திறந்த வெளியிலேயே தொலைவு இரட்டித்தால் வந்து சேரும் ஆற்றல் நான்கில் ஒரு பங்காகும். இடையே செங்கல் சுவரும், இரும்புக் கம்பிகள் பொதிந்த கான்கிரீட் தளமும் நின்றால் குறைவு பன்மடங்காகும். இரும்பு பீரோவும் முகம் பார்க்கும் கண்ணாடியும் அலையைத் திருப்பியடிக்கும்; தண்ணீர்த் தொட்டி அதை உறிஞ்சும்; பெரும்பாலும் நீரால் ஆன நம் உடலும் அவ்வாறே செய்யும். ஒலி தேய்ந்தால் பேசுகிறவர் சொற்களை நிறுத்தி நிதானமாகச் சொல்வது இயல்பல்லவா? வைஃபையும் அப்படியே. அலை வலுவாயிருக்கும்போது நூற்றுக்கணக்கான மெகாபிட் வேகத்தில் பேசுவது, அலை தேயத்தேய வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அறுந்துபோவதைக் காட்டிலும் மெதுவாகவேனும் சென்று சேருவது நலமென்று அது வகுக்கப்பட்டிருக்கிறது.

மூன்றாவது, நம்மில் பலர் அறியாதது. தொலைவிலுள்ள ஒருவர் மெதுவாகப் பேசினால் அருகிலுள்ளவரும் தாமதமடைகிறார். பெட்டியின் அருகே ஒரு கைப்பேசி 300 மெகாபிட் வேகத்தில் இயங்குகிறது; கொல்லைப்புறத்தில் வேறொன்று 6 மெகாபிட் வேகத்தில் தடுமாறுகிறது. அதே 1500 பைட் பொட்டலத்திற்கு முன்னது எடுப்பது 40 மைக்ரோ வினாடி. பின்னது எடுப்பது 2000 மைக்ரோ வினாடி. இருவருக்கும் முறை வைத்து ஒவ்வொரு பொட்டலமாகக் கொடுத்தால், கூடத்தின் நேரம் ஏறக்குறைய முழுவதும் கொல்லைப்புறத்துக் கைப்பேசிக்கே செலவாகிவிடும். அருகிலிருப்பவர் தம் கைப்பேசியில் முழுக் கோடுகளும் தெரிகின்றனவே என்று வியந்தபடி காத்திருப்பார். அந்தக் கோடுகள் அலையின் வலிமையைக் காட்டுமேயன்றி, கூடத்தின் நெரிசலைக் காட்டமாட்டா.

நான்காவது, அண்டைவீட்டார். 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் பல தடங்கள் எண்ணிட்டு வைக்கப்பட்டிருப்பினும், அவை ஒன்றன்மேல் ஒன்று படிந்துள்ளமையால், தொந்தரவின்றி ஒருங்கே இயங்கக் கூடியவை 1, 6, 11 ஆகிய மூன்றே. அடுக்குமாடிக் குடியிருப்பில் இருபது வீடுகள் இருந்தால் அந்த மூன்று தடங்களையே இருபது பெட்டிகளும் பங்கிட்டுக்கொள்கின்றன. அண்டை வீட்டார் படம் பார்க்கும்போது அவருடைய பெட்டி பேசி முடிக்கும் வரைக்கும் நம் பெட்டி மரியாதையுடன் காத்திருக்கும். நாம் அவர் முகத்தையே அறியாதிருக்கலாம். நம் பெட்டிகளுக்கிடையே பழக்கம் ஏற்பட்டு நாளாகிவிட்டது! இவை போதாவென்று, புளூடூத் கருவிகளும் அதே பகுதியில்தான் இயங்குகின்றன. உணவைச் சுடவைக்கும் மைக்ரோவேவ் அடுப்பும் 2.45 கிகாஹெர்ட்ஸ் அளவிலேயே அலையை எழுப்புகிறது; அதிலிருந்து கசியும் சிறிதளவும் மெல்லிய வைஃபை ஒலிக்குப் பேரிரைச்சல்.

ஐந்தாவது, அட்டைப் பெட்டியின்மேல் அச்சிட்டுள்ள எண். ‘1200’ என்று போட்டிருந்தால் அது இரண்டு அலைவரிசைகளின் உச்ச வேகங்களையும் கூட்டிச் சொன்னது. எந்தக் கைப்பேசியும் அதை முழுமையாகப் பெறாது. வேறொன்று: மெகாபிட் வேறு, மெகாபைட் வேறு. 8 பிட் சேர்ந்தது 1 பைட். ஆகவே 100 மெகாபிட் என்பது வினாடிக்கு 12.5 மெகாபைட்டே. இந்த வேறுபாட்டை அறியாமல் சண்டைக்குப் போனவர்களும் உண்டு.

வேகமா, சீரான ஓட்டமா?

அந்தப் பெண்ணின் நேர்முகத் தேர்வுக்கு மீள்வோம். இருவர் முகம் பார்த்துப் பேசும் காணொளிக்கு வினாடிக்குச் சில மெகாபிட் போதும். பின்னறையில் அவளுக்குக் கிடைத்த 14 மெகாபிட்டே தாராளம். பின் ஏன் அறுந்தது?

ஏனெனில் பேச்சுக்கு வேண்டியது வேகத்தைக் காட்டிலும் சீரான ஓட்டம். திரைப்படம் பார்க்கும்போது கருவி அடுத்த சில நிமிடங்களுக்கான காட்சிகளை முன்கூட்டியே வாங்கிச் சேமித்துக்கொள்ளும். இடையில் தடங்கல் வந்தாலும் சேமிப்பிலிருந்து காட்டும். உரையாடலை முன்கூட்டிச் சேமிக்க இயலுமா? இன்னும் பேசாத சொல்லை எங்கே போய் வாங்குவது? ஆகவே அரை வினாடித் தடங்கலும் உடனே தெரிந்துவிடுகிறது. மெல்லிய அலை, அண்டை வீட்டு நெரிசல், மீண்டும் மீண்டும் அனுப்பிய பொட்டலங்கள் ஆகிய இவை சேர்ந்து சில கணங்கள் ஓட்டத்தை நிறுத்தின. அந்தச் சில கணங்களிலேயே நேர்முகத் தேர்வு முடிந்துபோயிற்று. தம்பி சொன்னது உண்மையாயிருக்கலாம். இணைய நிறுவனமும் சொன்னபடி வாசல் வரைக்கும் கொடுத்திருந்தது. குற்றவாளி என்று எவருமே இல்லாத ஒரு குற்றத்திற்காக அந்த வீட்டார் ஒருவரையொருவர் நொந்துகொண்டார்கள்.

ஆகவே வைஃபை வேண்டாமா?

அப்படியன்று. கையில் ஏந்தி நடக்கும் கருவிக்குக் கம்பி கட்ட முடியுமா? வீட்டுக்கு வரும் இணையமே 40 மெகாபிட்தான் என்றால், அருகில் அமர்ந்திருப்பவருக்கு வைஃபையும் கம்பியும் ஒரே வேகத்தையே தரும். ஒரு கம்பியில் உள்ளிழை ஏதேனும் அறுந்து அது 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிட்டால், புதிய வைஃபை அதனை முந்திவிடுவதும் உண்டு. 2021இல் உறுதிசெய்யப்பட்ட தரத்தில், ஒரே நேரத்தில் பல கருவிகளுக்கு அலைவரிசையைக் கூறுபோட்டுக் கொடுக்கும் முறையும் வந்துள்ளது. ஆயினும் கூடம் ஒன்றே. பங்கிடும் முறைதான் செம்மைப்பட்டிருக்கிறது.

வீட்டில் செய்யத்தக்கவை சிலவற்றைச் சுருக்கமாகக் கூறுகிறேன்.

பணத்தைக் கூட்டிச் செலுத்துவதற்குமுன், கம்பியில் ஒருமுறை அளந்து பாருங்கள். கம்பியிலும் குறைந்தால் குறை வெளியே இருக்கிறது, நிறுவனத்தாரிடம் கேளுங்கள். கம்பியில் நிறைந்து காற்றில் குறைந்தால் குறை வீட்டினுள் இருக்கிறது. பெரிய திட்டம் அதைத் தீர்க்காது.

பெட்டியைத் தொலைக்காட்சியின் பின்னாலும் அலமாரியினுள்ளும் ஒளித்துவைக்காமல், வீட்டின் நடுவே, உயரமான, திறந்த இடத்தில் வையுங்கள். அருகிலிருக்கும்போது 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைப் பயன்படுத்துங்கள். அதில் தடங்கள் மிகுதி, நெரிசல் குறைவு. ஆனால் அது சுவர் தாண்டுவதில் வலுவற்றது. தொலைவுக்கு 2.4 பரவாயில்லை.

அலையை வாங்கித் திருப்பி அனுப்பும் சிறு கருவிகள் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றுள் எளியவை கேட்டதையே அதே அலைவரிசையில் மறுபடியும் சொல்கின்றன. அதனால் கூடத்தின் நேரம் இரட்டிப்பாகச் செலவாகிறது. பின்னறைக்கு இரண்டாவது பெட்டி வேண்டுமென்றால், அதைக் கம்பியினால் முதற்பெட்டியோடு இணைப்பதே சிறந்தது.

எல்லாவற்றிலும் முக்கியமானது இது. இடம் பெயராத கருவிகளுக்குக் கம்பி கொடுங்கள். தொலைக்காட்சி எங்கேயும் நடந்து போவதில்லை. மேசைக் கணினியும் அவ்வாறே. அவை கம்பிக்கு மாறினால் அவற்றுக்கு நன்மை. அதைவிடப் பெரிய நன்மை, காற்றை நம்பியே இருக்கும் மற்றவர்களுக்கு. மணிக்கணக்கில் படம் காட்டும் பெட்டி கூடத்தை விட்டு வெளியேறியதும், மிச்சமிருப்போருக்குப் பேச இடம் கிடைக்கிறது. தனிப்பாதை உடையவர் பொதுப்பாதையை விட்டு விலகி நிற்பது, அந்தப் பாதையைத் தவிர வேறு கதியற்றவருக்குச் செய்யும் உதவி. இது இணையத்திற்கு மட்டுமே பொருந்துவதன்று.

அந்தக் குடும்பத்தினர் என்ன செய்தார்கள் என்று கேட்பீர்கள். தந்தை பழைய 100 மெகாபிட் திட்டத்திற்கே திரும்பினார். மிச்சமான பணத்தில் இருபது மீட்டர்க் கம்பி வாங்கினார். தம்பியே நாற்காலியின்மேல் ஏறி, கூடத்திலிருந்து கதவு நிலையின் ஓரமாக அதைப் பின்னறை வரைக்கும் ஆணியடித்துக் கொண்டுபோனான். இரண்டு மாதம் சென்று வேறொரு நிறுவனத்திலிருந்து மகளுக்கு அழைப்பு வந்தது. நாற்பது நிமிடம் பேசினார்கள். ஒரு சொல்லும் அறுந்து விழவில்லை. அந்த நாற்பது நிமிடமும் தம்பி கூடத்தில் படம் பார்த்துக்கொண்டிருந்தான். அன்று அவனை எவரும் கடிந்துகொள்ளவில்லை.